நாலாவது செடி

எங்கே நின்றாலும் அவர் குனிந்துவிடுவார். பஸ் நிற்கும் இடம், கோயில் வாசல், பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியின் முன்திடல், என் கல்யாண மண்டபத்துப் பின்பக்கம், எந்த இடம் என்றெல்லாம் பார்க்கமாட்டார். கால்மாட்டில் ஒரு செடி முளைத்திருந்தால் போதும். இடது கையால் தூரைச் சேர்த்துப் பிடிப்பார். ஒரு திருகு. செடி மண்ணோடு வந்துவிடும். உதறுவார். அதற்கப்புறம் குழிக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்று துழாவுவார். ஒன்றும் இல்லையென்று தெரிந்ததும் செடியைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்க வைத்துவிட்டு நிமிர்வார்.

வேர் மண்ணில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும், வெயிலைப் பார்த்தால் காய்ந்து சாகும். தோட்டத்தில் களை எடுத்த பெண்கள் எல்லோருக்குமே அப்படி வைப்பது கைப்பழக்கம். விரலை விட்டுத் துழாவுவது மட்டும் அவருடையது.

"என்னாக்கா, பொதையல் தேடுறியா?" என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ஆமாலா. உங்கப்பன் பொதைச்சு வச்சிட்டுப் போனது. கெடைச்சா உனக்கும் பாதி தரேன்."

சிரிக்காமல்தான் சொல்வார். அவர் சிரித்து நான் பார்த்ததே எனக்குப் பதினாலு வயது வரைக்கும்தான்.

பேர் வேண்டாம். மகன் இருக்கிறான், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து காஜா பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. என் அம்மா அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த உறவுதான். அதனால் எனக்கு அத்தை. என்னை மருமவனே என்பார்.

என் அம்மா எப்படிச் செத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அத்தையைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது.

எழுபத்திரண்டோ எழுபத்து மூன்றோ. பழைய லயத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கித்தாக் கன்று வைத்திருந்தார்கள். அங்கே களை எடுக்கிற வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். இரண்டு கன்று வரிசைக்கு நடுவே உள்ள நீளம்தான் ஒரு நிரை. அதை முடித்தால்தான் அன்றைக்குக் கூலிக்குப் பேர் விழும். அதில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. உன் நிரையில் முளைத்தது உனக்கு. காளானோ கீரையோ கிழங்கோ, கங்காணியே ஆனாலும் அடுத்தவள் நிரையில் கை வைக்கக் கூடாது. பழைய லயத்துக்காரர்கள் வீட்டுப் பின்னால் நட்ட மரவள்ளி அங்கங்கே காடாக நின்றதால், அந்த இடத்தில் நிரை கிடைக்க அடிபிடியே நடக்கும்.

அன்றைக்கு அத்தை நிரையில் நல்ல தடித்த மரவள்ளி ஒன்று நின்றது. அம்மா பக்கத்து நிரை. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள்.

"காய்ச்சல்ல நாக்குச் செத்துக் கெடக்கும் உனக்கு. இத அவிச்சு நெத்திலிச் சம்பல் வச்சுத் தின்னு," என்றிருக்கிறார் அத்தை.

"வேணாம் அண்ணி."

அம்மா அப்படித்தான். கை நீட்டி யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள். அரை படி அரிசி கடன் வாங்கினால் கூட மறுநாளே முக்கால் படியாகத் திரும்பும். இது அத்தைக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தானே பிடுங்கிக் கையில் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது தானம் ஆகிவிடும், அம்மா தொடமாட்டாள்.

"நான் குடுத்தாத்தானே உனக்கு வலிக்கும்? இந்தா, இந்தத் துண்டு நெரையே உனக்கு. நீயே வந்து புடுங்கிக்கோ. உன் நெரை, உன் கெழங்கு."

அம்மா நிரை தாண்டிப் போய்ப் பிடுங்கினாள். கிழங்குக்கு அடியில் எந்தக் காலத்திலோ எவனோ புதைத்து வைத்த குண்டு ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் காலத்ததா, கம்யூனிஸ்டு காலத்ததா என்று போலீஸ்காரர்கள் ரெண்டு நாள் பேசிக்கொண்டார்கள். எனக்கு எந்தக் காலமாக இருந்தால் என்ன.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அன்றைக்கு வேலைக்குப் போன பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து என்னிடம் இதைச் சொன்னார்கள். ஒரே கதை, ஒரே வார்த்தைகள். அத்தை மட்டும் வந்து சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்தார். முழங்கை வரைக்கும் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உள்ளே ஒரு இடம். தட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மூன்று நாள் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. நாலாம் நாள் பெரட்டில் கங்காணி வேறு காடு பிரித்துக் கொடுத்தபோது, அத்தை தன் பங்கை வாங்கிக்கொள்ளவில்லையாம்.

"அன்னிக்கு எனக்குக் குடுத்தது பாக்கி கெடக்கு," என்றாராம். "அத முடிச்சிட்டு வாரேன்."

தனியாகப் போய் அந்த நிரையை முழுக்கக் கையாலேயே பிடுங்கி, ஒவ்வொரு குழியாகத் துழாவிவிட்டு, பொழுது சாயத் திரும்பினார். மற்ற பெண்கள் நூறடி தள்ளியே நின்றுகொண்டார்களாம். அவர்கள் கூப்பிட்டும் அத்தை வரவில்லையாம். அன்றைக்குத் தொடங்கியது இந்தத் துழாவல்.

என்னை ஈப்போவில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் என் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவர் அத்தைதான். இறக்கி வைத்துவிட்டு, நான் நின்ற இடத்தைச் சுற்றி இருந்த புல்லையெல்லாம் பிடுங்கினார். என் செருப்பை ஒட்டியிருந்தது வரைக்கும் விடவில்லை. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எதற்காகப் பார்க்கிறார் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது. உங்க மேல தப்பில்ல அத்தே என்று நான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களாலதான் என்றாவது கத்த வேண்டும். ரெண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் கோபம் இருந்ததில்லை. எடுத்துக் கொடுக்க உள்ளே எதுவும் இல்லை, அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் பதினாறு வருஷம் அவர் அந்த வார்த்தைக்காக வந்துபோய்க்கொண்டிருந்தார். கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மரவள்ளியைக் கண்டால் ஓடுவார் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. பசாரில் வாங்கி, அவித்து, சீனி தொட்டுச் சாப்பிடுவார். "வேற எவனோ புடுங்கிட்டான்ல, இனி என்ன இருக்கு?" என்பார். பிடுங்காமல் நிற்பதுதான் அவரைத் தூங்கவிடாது. செடி என்று இல்லை, மூடிக் கிடக்கிற எதுவும். என் கல்யாணத்தில் குண்டான் மூடியை முதலில் திறந்தவர் அவர். பரிசுப் பொட்டலங்களைப் பெண்டாட்டியிடம் தருவதற்கு முன்னால் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். "தள்ளு, நான் பாக்குறேன்." இது அவர் வாயில் ஒரு நாளைக்கு இருபது தரம் வரும். சமையல்காரர் கடுப்பாகி, "யாருய்யா இந்தம்மா, சாப்பாட்டுல வெஷம் வச்சிருக்கோமா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

எண்பத்தொன்றில் ஜெலாப்பாங்கில் ஒரு மலிவு வீடு வாங்கிக் குடிபோனோம். மூத்தவள் தவழ்கிற வயது. பின்பக்கம் இடுப்பளவு லாலான் புல். ஆள் வைத்து மருந்தடிக்கலாம் என்றிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் அத்தை வந்து நின்றார். மண்வெட்டி எடுத்துக் கொடுத்தேன், தொடவில்லை. "வெட்டுனா வெட்டுற எடத்துல பட்டுரும்லா. கைக்குத்தான் பட்டும் படாமப் பாக்கத் தெரியும்." ரெண்டு நாள். லாலான் விளிம்பு கத்தி மாதிரி, உள்ளங்கையெல்லாம் கீறல். மூன்றாம் நாள் காலையில் என் பெண்டாட்டி போட்ட கூச்சலில் எழுந்து போய்ப் பார்த்தால், அவள் ஆசையாக வைத்திருந்த மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலைக் கன்று எல்லாம் பிடுங்கப்பட்டு வரிசையாகப் படுத்திருக்கின்றன.

"அடியில பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. இப்ப நட்டுக்கோம்மா," என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி.

மிளகாய் பிழைத்தது. கறிவேப்பிலை போய்விட்டது. "இந்தம்மாவுக்கு மண்டைல கோளாறு. புள்ள இருக்குற வீடு, சொல்லிட்டேன்," என்றாள் பெண்டாட்டி. நான் ரிப்பேருக்கு வந்த ஒரு டிவியைத் திருப்பிப் போட்டு ஒரு வால்வைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவளிடமும் எதுவும் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் அம்மாவில் போய் நிற்க வேண்டும். எதற்கு அந்தச் சூசா, அந்தத் தொல்லை.

சாயந்திரம் என் மகள் அந்த வெறுந்தரையில் தவழ்ந்தாள். அத்தை லோங்காங் வாய்க்கால் கட்டையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். கோப்பி முடிந்த பிறகும் அரைமணி நேரம் பார்த்தார்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். கித்தா போய் வீட்டுமனை வந்தது. அத்தை மகனோடு சிம்பாங் பூலாய்க்குப் போனார். காலையில் ஈப்போவுக்கு பஸ்ஸில் வந்து, என் கடை இருந்த கட்டடத்தில் மாடிப்படி கூட்டிக் கழுவுகிற வேலை. அந்த வேலை காலியாக இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். மத்தியானம் வேலை முடிந்ததும் பஸ் வருகிற வரைக்கும் என் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

டிவி, ரேடியோ ரிப்பேர் கடை. எண்பத்தெட்டு வாக்கில் எல்லோரும் ஜப்பான் டிவி வாங்க ஆரம்பித்தார்கள், அது சனியன் ரிப்பேருக்கே வராது. அதனால் முன்பக்கம் மூன்று டிவியை வைத்து விளையாட்டுப் பெட்டி மாட்டினேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் மொய்ப்பார்கள்.

அதில் ஒரு ஆட்டத்துக்கு மட்டும் எப்போதும் அடிதடி. ஒரு குட்டி மனிதன் நடந்து போவான். தரையில் அங்கங்கே இலைக்கொத்து மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பட்டனை அழுத்தினால் அவன் குனிந்து செடியைப் பிடுங்குவான். அடியில் முள்ளங்கி வரும், கிழங்கு வரும், ஒரு சமயம் சாவி வரும். ஒரு செடியில் குண்டு வரும். பிடுங்கிய குண்டை உடனே தூக்கி எறியாவிட்டால் ஆள் காலி.

இதை அத்தை பார்க்கக் கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்பினால் நம்புங்கள். எனக்கு வயரும் சாலிடரும்தான் கண்ணுக்குத் தெரியும்.

பக்கத்துக் கோப்பிக்கடை முதலாளி, சீனத் தௌக்கேயின் மகள்தான் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயசு, கெட்டிக்காரி. குட்டி மனிதன் ஒரு செடிக்குப் பக்கத்தில் நின்றான், குனிந்தான், பிடுங்கினான். பிறகு ஒரு வெளிச்சம். அவன் மல்லாந்து விழுந்தான். நான் சாலிடர் கம்பியைக் கையில் பிடித்தபடி அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் அந்த மனிதன் மறுபடி முதலிலிருந்து நடந்து வந்தான்.

"திரும்ப வாரானே?"

"மூணு உசுரு இருக்கு அத்தே அவனுக்கு."

"மூணா." மூன்று விரலை மடக்கினார். "குண்டு எடம் மாறுமா?"

"மாறாது. என்னிக்கும் ஒரே செடிதான்."

"அப்ப ஒரு வாட்டி தெரிஞ்சா போதும்."

அந்தப் பெண் திரும்பி, "பாலத்துக்கு அப்புறம் நாலாவது, ஆன்ட்டி," என்று மலாயில் விளக்கினாள். "யாங் இத்து ஜாங்கான் சாபுட்." அதை மட்டும் பிடுங்காதே என்று.

"தெரியாமத்தானே புடுங்குறாங்க," என்றார் அத்தை தமிழில், யாருக்கும் சொல்லாமல்.

அதிலிருந்து தினமும் அந்த டிவிக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் நாலாவது செடிக்கு வந்தால், "தம்பி, அது வேணாம்," என்பார். "பாப்பா, தாண்டிப் போயிரு." சில பையன்கள் வேண்டுமென்றே பிடுங்கி அவரை வெறுப்பேற்றினார்கள். திட்டமாட்டார். குட்டி மனிதன் திரும்ப எழுந்து வருகிறானா என்று மட்டும் பார்ப்பார். வந்ததும் கையை மடியில் வைத்துக்கொள்வார். பெட்டியைக் கழற்றிப் பின்பக்கம் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பிழைப்பாயிற்றே. கழற்றவில்லை.

பரீட்சைக் காலம், பிள்ளைகள் யாரும் வராத ஒரு மத்தியானம். நல்ல மழை. அத்தை நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மருமவனே, எனக்கு ஒரு வாட்டி போட்டுக் குடு."

"நீங்களா?"

"ஏன், நான் தொட்டா உன் பெட்டி உருகிருமா?"

போட்டுக் கொடுத்தேன். இது நடக்க, இது தாண்ட, இது பிடுங்க, பிடுங்கியதை எறிய இன்னொரு தரம் அதே பட்டன் என்றேன்.

"தாண்டுறது வேணாம். நடக்கவும் புடுங்கவும் போதும்."

களை எடுத்துக் கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்துபோயிருந்தது, பட்டனில் நிற்கவில்லை. பட்டன் பெட்டியை மடியில் வைத்து ஆள்காட்டி விரலால் குத்தினார். துழாவுகிற அதே விரல். குட்டி மனிதன் பாலத்தைக் கடந்தான். முதல் செடியில் முள்ளங்கி. ரெண்டாவதும் முள்ளங்கி. மூன்றாவதில் சாவி. நாலாவதுக்கு முன்னால் நின்றான்.

"அத்தே, அதுதான்."

"தெரியும்."

பிடுங்கினார். குண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவன் நின்றான்.

"எறிங்க! அதே பட்டன், அத்தே!"

அவர் விரலை எடுத்துவிட்டார். ரெண்டு கையும் மடியில். வெளிச்சம் வந்தது. மனிதன் விழுந்தான். மறுபடி முதலிலிருந்து நடக்கத் தொடங்கியபோது, இந்தத் தரம் முதல் மூன்று செடியைத் தொடாமல் நேராக நாலாவதுக்கு வந்தார். பிடுங்கினார். கையை எடுத்தார். வெளிச்சம்.

மூன்றாவது உயிர் பாலத்தில் வரும்போது எனக்கு வாய் திறந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவை. தொண்டையில் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"அத்தே. நீங்க குடுக்கலன்னாலும் அம்மாவே கேட்டு வாங்கியிருப்பாங்க."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கம்மா கேப்பாளாலா? யாருகிட்டயாச்சும் ஒண்ணு கேட்டிருக்காளா அவ? வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நாந்தான் குடுத்தேன்."

பொய் சொன்னது அகப்பட்டுப் போயிற்று. அம்மாவை அவ்வளவு தெரிந்த ஆள் உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. குட்டி மனிதன் நாலாவது செடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"வேணாம் அத்தே. தாண்டிப் போயிருங்க."

"அது என் நெரை," என்றார். பட்டனை அழுத்தினார்.

மழைச் சத்தத்தில் பெட்டியின் சத்தம் கேட்கவில்லை. திரையில் ஆட்டம் முடிந்ததற்கான எழுத்து வந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"பக்கத்துல வேற யாரும் இல்லைல்ல?"

"இல்ல அத்தே. நீங்க மட்டுந்தான்."

"ம்," என்றார். "அப்ப சரி. பஸ்ஸு வந்துரும், வாரேன்."

மடியிலிருந்த பட்டன் பெட்டியை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார், வயர் மேலே பார்க்கும்படி. குடையை விரித்துக்கொண்டு போனார். அது அன்று முழுக்க அப்படியே கிடந்தது. நான் நிமிர்த்தி வைக்கவில்லை.